நுரையீரல் புற்றுநோய்க்குத் துல்லியக் கதிர்வீச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்ட, 5 செ.மீ.க்கு மேற்படாத நுரையீரல் கட்டி இருந்தும், இதயக் கோளாறு காரணமாகவோ மூச்சுத்திறன் குறைந்திருப்பதாலோ அறுவைச் சிகிச்சையைத் தாங்க இயலாதவர்களுக்கு, எஸ்.பி.ஆர்.டி. எனப்படும் துல்லியக் கதிர்வீச்சு பெரிதும் கைகொடுக்கிறது. ஆறு வாரம் வரை நீளும் வழக்கமான சிகிச்சையில் ஒரு நாளைக்குச் சுமார் 2 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுப்பார்கள். இதிலோ ஒரே சிட்டிங்கில் 18 கிரே அளவுக்குக்கூடச் செலுத்தி, பெரும்பாலும் 3 முதல் 8 சிட்டிங்குகளில் முடித்துவிடுகிறார்கள். அளவு இவ்வளவு கூடுதலாக இருப்பதால், குறி சற்றே தவறினாலும் பாதிப்பு பெரிது.

என் பார்வையில் முதன்மையான தவறு, திட்டமிடலுக்காக எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனை இன்னொரு சாதாரண ஸ்கேன் என்று எண்ணிவிடுவதுதான். நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள கட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு செ.மீ.க்கு மேல்கூட ஏறி இறங்கக்கூடும். அந்த அசைவை அன்று பதிவுசெய்துதான் கதிர் செல்ல வேண்டிய எல்லையை வகுக்கிறார்கள். படியேறி வந்த இளைப்போடு படுத்தால் பதிவாவது அந்த இளைப்புதான். சிலர் ஒத்துழைப்பதாக நினைத்துக்கொண்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாலன்றி, வீட்டில் படுத்திருப்பதைப் போல இயல்பாக விடுவதே சரி. உடலின் வடிவத்துக்கேற்ப அமைத்த மெத்தையில், இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டியிருக்கும். தோள்வலி உள்ளவர்கள் அதைச் சொல்லாமல் பொறுத்துக்கொண்டு, சிகிச்சையின் நடுவே தோளை நகர்த்திவிடுகிறார்கள். முன்பே சொல்லியிருந்தால் கைக்கு வேறு தாங்கல் வைத்திருப்பார்கள்.

தெரிந்தவருக்கு மூன்றே நாளில் முடிந்ததென்று, தமக்கும் அதையே கேட்பது அடுத்த தவறு. மூச்சுக்குழாயின் பெருங்கிளைகளை ஒட்டிய கட்டிகளுக்கு மூன்றே சிட்டிங்கில் 60 முதல் 66 கிரே கொடுத்தபோது கடுமையான பாதிப்புகள் நேர்ந்ததை, அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2006இல் வெளியிட்டனர். அதன் பிறகே அத்தகைய கட்டிகளுக்கு அளவைப் பிரித்து, கூடுதல் நாட்களில் கொடுக்கும் வழக்கம் வலுப்பெற்றது.

நுரையீரல் தழும்பேறும் ஐ.எல்.டி. நோய் இருப்பதை மறைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். புகைப்பதையும் உடனே நிறுத்திவிட வேண்டும்.

சிகிச்சை முடிந்த பிறகு நேரும் தவறுகள் எனக்கு மிகுந்த வருத்தம் தருபவை. ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் லேசான காய்ச்சலும் வந்தால், அது கதிர்வீச்சால் ஏற்பட்ட நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். காசநோய் பரவலாக உள்ள இந்தியாவில், கதிர்வீச்சு பெற்றதைச் சொல்லாமல் அருகிலுள்ள மருத்துவரிடம் போனால், எக்ஸ்ரேயில் தெரியும் நிழலைக் காசநோய் என்றே கருத வாய்ப்புண்டு. அழற்சிக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. அதையும் இருமல் அடங்கியதும் தாமாக நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும்.

கட்டி இருந்த இடத்தில் பிறகு உருவாகும் தழும்பு, ஸ்கேனில் கட்டி வளர்ந்ததைப் போலவே தோன்றலாம். அது தழும்பா, திரும்பி வந்த நோயா என்பதைப் அறியப் பழைய படங்களை வரிசையாக வைத்து ஒப்பிடுவது பெரிதும் உதவும் என்பதால், ஒவ்வொரு முறையும் புதிய அறிக்கையோடு முந்தைய ஸ்கேன் படங்கள் பதிவான குறுந்தகடுகளையும் சிகிச்சைச் சுருக்கத்தையும் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.