பழைய கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் இழுக்கிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் டெஸ்க்டாப் முழுதாக வந்திருக்காது. பெட்டியின் முன்பக்க டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். இந்த நிலையில் பலரும் முதலில் கை வைப்பது டிஃப்ராகில், அதாவது டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் வேலையில். அதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவிட்டால் இருக்கிற உயிரும் போய்விடும்.

படி 1: காப்பி எடுங்கள்

படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் போட்டுவிடுங்கள். ஒரு ஃபைலில் வந்து நின்றுவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். மல்லுக்கட்ட வேண்டாம்.

படி 2: குற்றவாளி டிஸ்க்தானா?

விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் முதலில் மெமரியை, அதாவது ரேமைப் பாருங்கள். அது 90 சதவீதத்தைத் தாண்டியே நிற்கிறதென்றால், ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் போலப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். அப்போது டிஸ்க் மேல் பழி போட்டுப் பயனில்லை, ரேமைக் கூட்டுங்கள்.

மெமரி சரி என்றால் டிஸ்க்கைச் சொடுக்குங்கள். ஆக்டிவ் டைம் (டிஸ்க் வேலையில் இருக்கும் நேரம்) 100 சதவீதம் என்பதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்; பழைய டிஸ்க்கில் அது சகஜம். டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். படிக்கும் முனை இடம் மாறும் நேரம் வேறு. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி ஓடும்போது, நல்ல டிஸ்க்கின் வேகம்கூட நொடிக்கு 1 எம்பிக்குக் கீழே போய்விடும். கவனிக்க வேண்டியது ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம், அதாவது கேட்டதைத் தர டிஸ்க் எடுக்கும் சராசரி நேரம். பெரிதாக எந்த வேலையும் ஓடாதபோதும் அது ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டுக்கு எகிறினால் டிஸ்க்குக்கோ கேபிளுக்கோ நோய் என்று சந்தேகப்படலாம்.

படி 3: நாடி பிடித்துப் பாருங்கள்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவித் திறந்தால் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் நீண்ட பட்டியல் வரும். மூன்றே வரிகள் போதும்: 05, சி5, சி7. வலது ஓரத்தில் ரா வேல்யூ என்ற பத்தியில் வரிசையாகப் பூஜ்ஜியங்கள் இருந்தால் நிம்மதி.

05 என்பது, கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் (தகவல் பதியும் சின்னச் சின்னப் பகுதிகளின்) எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தொங்கலில் இருப்பவை. இந்த இரண்டில் எது வாரத்துக்கு வாரம் ஏறினாலும் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். ரிப்பேர் என்று எதையும் ஓட்ட வேண்டாம்.

சி7 கதை வேறு. அது பெரும்பாலும் கேபிள் கோளாறு. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் 05, சி5 இரண்டும் சுத்தம், சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனது. புது டிஸ்க் வாங்கக் கிளம்பியவன், எதற்கும் பார்ப்போமே என்று பெட்டியைத் திறந்தேன். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் பாதி கழன்று, தூசிக்குள் சாய்ந்து நின்றது. நீங்களும் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு கேபிளை அழுத்திச் செருகிப் பாருங்கள், இல்லாவிட்டால் வேறு கேபிள் மாற்றுங்கள். சி7 எண் மறுபடி பூஜ்ஜியத்துக்கு இறங்காது. மேலே ஏறாமல் நின்றாலே சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

படி 4: எல்லாம் நலம், ஆனாலும் மெதுவா?

இப்போது சுத்தம் செய்யலாம். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். சி டிரைவில் ஆறில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். பிறகு டிஃப்ராக்.

இதிலும் பெரிய மாற்றம் தெரியாவிட்டால் சாட்டா எஸ்எஸ்டி (சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) போடுவதுதான் வழி. சுழலும் தட்டே இல்லாததால் தேடி ஓடும் நேரமும் இல்லை. பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே குளோன் செய்து (நகலெடுத்து) மாற்றலாம். மாற்றிய கையோடு பழையதை அழித்துவிடாதீர்கள், ஒரு மாதம் மேஜை இழுப்பறையில் கிடக்கட்டும்.