நலோக்சோன் போடுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் இரவுப் பணியில், பயிற்சி மருத்துவர் ஒருவர், மார்ஃபின் வகை மருந்துகளை முறிக்கும் நலோக்சோன் ஆம்பியூலை உடைத்து, முழு மருந்தையும் ஒரே அழுத்தில் ஏற்றப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். பல ஆண்டுகளுக்கு முன் என் கையைப் பிடிக்க யாரும் அருகில் இல்லை.

விழிக்க வைக்கத் துடிப்பது

அன்று வந்தவர் எலும்பு வரை புற்றுநோய் பரவிய பெரியவர். வலிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை. கொடுத்த மகள் அளவில் தவறவே இல்லை; சிறுநீரகம்தான் கைவிட்டிருந்தது. கல்லீரல் மார்ஃபினை மாற்றி உண்டாக்கும் பொருள்களில் ஒன்று, மார்ஃபினைப் போலவே மூச்சை அடக்கும். சிறுநீரில் வெளியேற வேண்டிய அது உடலிலேயே தேங்கிவிட்டது. நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான் வந்துகொண்டிருந்தது.

0.4 மில்லிகிராமையும் மொத்தமாக ஏற்றினேன். இரண்டே நிமிடத்தில் விழித்தார், அலறிக்கொண்டு. மூச்சை அடக்கிய மார்ஃபின், வலியை அடக்கிய மார்ஃபின் என்று நலோக்சோன் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே விரட்டிவிடுகிறது. அது இறங்கும் வரை வேறு மார்ஃபின் கொடுத்தும் பயனில்லை. "அப்பாவை என்ன செய்தீர்கள் டாக்டர்?" என்று மகள் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதே தவற்றைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் சரியான வழி மிக எளியது. ஆம்பியூலைச் சலைனோடு சேர்த்துப் பத்து மில்லியாக்குங்கள். ஒரு மில்லிக்கு 0.04 மில்லிகிராம் வரும். இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் ஒவ்வொரு மில்லியாகக் கொடுங்கள். மூச்சு நிமிடத்துக்குப் பன்னிரண்டை எட்டியதும் நிறுத்துங்கள். அவர் தூங்கட்டும், நமக்கு வேண்டியது மூச்சு மட்டுமே. போதைக்கு அடிமையானவர் என்றாலும் இதே நிதானம் வேண்டும். திடீரென விழித்தால் வாந்தி எடுப்பார், அது நுரையீரலுக்குள் போகலாம். மூச்சே நின்றுவிட்டவருக்குக் கணக்கு வேறு. அங்கே பெரிய அளவுக்குத் தயங்கக் கூடாது.

விழித்தவரை அனுப்பிவிடுவது

நலோக்சோன் 30 முதல் 90 நிமிடம் வரைதான் நிற்கும். மெதுவாகக் கரையும் மார்ஃபின் மாத்திரையோ 12 மணி நேரம் வேலை செய்யும். மார்ஃபின் வகையைச் சேர்ந்த மெத்தடோன் அதையும் தாண்டும். என் பெரியவரும் ஒரு மணி நேரத்தில் மீண்டும் சரிந்தார். அப்படிப்பட்டவருக்கு, முதலில் பலன் தந்த அளவில் மூன்றில் இரண்டு பங்கை மணிக்கு மணி டிரிப்பாகக் கொடுக்க வேண்டும். இந்தக் குறையைப் போக்க வந்ததுதான் 2023-இல் அமெரிக்கா அனுமதித்த நால்மெஃபீன் மூக்குத் தெளிப்பு. பல மணி நேரம் நிற்கும். ஆனால் அளவு மீறினால் அந்த அலறலும் பல மணி நேரம் நிற்குமே என்பதுதான் என் கவலை.

தூக்க மாத்திரை என்றதும் ஃப்ளூமசெனில்

ஃப்ளூமசெனில், தூக்க மாத்திரையை முறிக்கும் மருந்து. ஆண்டுக்கணக்கில் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை சாப்பிடுபவருக்கும், கூடவே அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தை விழுங்கியவருக்கும் இது வலிப்பை வரவழைக்கும். அந்த வலிப்பை அடக்க நாம் நம்பும் லோரசெபாம் வேலை செய்யும் இடத்தையும் அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு மூச்சுப்பாதையும் ஆக்சிஜனும் பொறுமையும் போதும்.

முதலில் ஊசியைத் தேடுவது

முதலில் ஆம்பு பை, அதாவது கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை.

கண்மணி சுருங்கினாலே மார்ஃபின் என்பது

நம் ஊரில் அது பூச்சிமருந்தாகவும் இருக்கலாம். வாயில் நுரை, வியர்வை, சட்டையில் மருந்து நெடி இருக்கிறதா என்று பாருங்கள். அவருக்குத் தேவை பூச்சிமருந்தின் விஷத்தை எதிர்க்கும் அட்ரோபின்.