ஆய்வுப் பிரச்சினையை எழுதப் போகிறீர்களா? முதலில் வாய்க்காலின் கடைசிக்குப் போங்கள்

இறுதியாண்டு ஆய்வுக்கு முன்மொழிவு எழுதும் தம்பி தங்கைமார் என்னிடம் காட்டும் வரைவுகளில் பாதி "இலங்கை ஒரு விவசாய நாடு" என்றுதான் தொடங்கும். பிரச்சினை எங்கே என்று தேடினால் மூன்றாம் பக்கத்தின் அடியில் "வன்னியில் நீர் முகாமைத்துவம்" என்று ஒரு வரி கிடக்கும். அது தலைப்பு, பிரச்சினை இல்லை.

ஓரிடத்தில், சிலருக்கு, நடக்க வேண்டியது நடக்கவில்லை. ஏன் என்பதில் ஒரு பகுதி இன்னும் யாருக்கும் தெரியாது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஆய்வுப் பிரச்சினை. பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை எடுப்போம். மாரியில் செய்யும் காலபோக நெல்லுக்கு மழை கைகொடுக்கும். கோடையில் செய்யும் சிறுபோகம் குளத்தை நம்பியது, அதனால் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துக் கூட்டம் வைத்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுப்பார்கள். இதை வைத்து ஒரு மாணவர் "சிறுபோகத்தில் கமக்காரருக்குத் தண்ணீர் போதவில்லை" என்று எழுதினால் நான் திருப்பிக் கேட்பது: எந்தக் கமக்காரர்? மதகுக்குப் பக்கத்து வயலில் வரம்பு நனைந்து கிடக்கும் அதே நாளில், வாய்க்காலின் கடைசி வயலில் விரல் நுழையும் அளவுக்கு மண் வெடித்திருக்கும். இரண்டும் ஒரே குளத்துத் தண்ணீர்தானே!

சரி, இப்படி எழுதிப் பாருங்கள்: "இந்தக் கிளை வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு, முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களிலும் குடலைப் பருவத்தில் (கதிர் தண்டுக்குள் உருவாகும் காலத்தில்) தண்ணீர் வந்து சேர்வதில்லை. குளத்தில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று பதிவு இருக்கிறது, வழியில் எங்கே எவ்வளவு குறைகிறது என்று யாரும் அளக்கவில்லை. அதனால் வாய்க்காலைத் திருத்துவதா, முறையை மாற்றுவதா என்று கமக்கார அமைப்பால் முடிவெடுக்க முடியவில்லை." யார், எங்கே, எப்போது, எது தெரியாது, தெரியாததால் என்ன நட்டம், எல்லாம் நாலைந்து வரியில் வந்துவிட்டது. ஆனால் "யாரும் அளக்கவில்லை" என்று எழுத முன் கமநல சேவை நிலையத்திலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் போய்க் கேட்டிருக்க வேண்டும். போர் முடிந்த 2009க்கு முந்திய பதிவுகள் பல இடங்களில் தப்பவில்லை, இருக்கும் என்று நம்பிக் கேள்வியை அமைத்துவிட்டுப் பிறகு அலையாதீர்கள்.

தீர்வைப் பிரச்சினை என்று எழுதுவது இன்னொரு பிழை. "சீமெந்து வாய்க்கால் இல்லாமையே பிரச்சினை" என்று எழுதினால் விடையை முதலே முடிவு கட்டிவிட்டீர்கள், பிறகு எதை ஆராய்வது? எல்லாருக்கும் தெரிந்ததைப் பிரச்சினை என்று எழுதுவதும் பிழைதான். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதும் விளைச்சல் விழுந்தது என்பதை எந்தக் கமக்காரரும் சொல்வார். தடை நீங்கிய பிறகு யார் பழைய அளவுக்கு உரம் போடத் திரும்பினார்கள், யார் திரும்பவில்லை, ஏன் என்று கேட்டால் அதில் ஆய்வு இருக்கிறது.

அளவையும் பாருங்கள். ஒரு கிளை வாய்க்கால், ஒரு போகம் போதும். சிறுபோகத்தைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான், ஆகவே விதைப்புக்கு முன்பே வரைவு முடிந்திருக்க வேண்டும்.

முடித்ததும் மேற்பார்வையாளருக்கு முதல் அந்த வயல்காரருக்கு வாசித்துக் காட்டுங்கள். மேலே உள்ளது போன்ற ஒரு வரைவை வாசித்தபோது ஒரு ஐயா மண்வெட்டியை ஊன்றிவிட்டுச் சொன்னார்: "குடலைக்கு முதலே தண்ணி வாறது நிண்டிடும் தம்பி, நீங்கள் வந்து பார்த்தது பிந்தி." வரம்பிலேயே இருந்து அந்த வரியை மாற்றினோம்.