வெள்ளிக்கிழமை மத்தியானம் டெப்ளாய், ராத்திரி ஊருக்கு பஸ்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ் டெவலப்பர்கள் பலருக்கு வெள்ளிக்கிழமை என்பது அரை நாள்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மனசு மடிவாளாவுக்கோ சில்க் போர்டுக்கோ போய்விடும். சேலம், கோவை, மதுரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே. அந்த அவசரத்தில், "சின்ன மாற்றம்தான்" என்று நாலு மணிக்கு எதையாவது புரொடக்‌ஷனில் (மக்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டத்தில்) தள்ளிவிட்டுக், அதாவது டெப்ளாய் செய்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. கோளாறு வெளியே தெரியும்போது பஸ் கிருஷ்ணகிரியைத் தாண்டியிருக்கும், போனில் சிக்னல் வந்து வந்து போகும்.

கிழமையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. செய்த மாற்றத்தை நீங்கள் ஒருவர் மட்டுமே பின்வாங்க முடியும் என்றால் செவ்வாய்க்கிழமையும் ஆபத்துதான். இது உடைந்தால் யார், எந்த கமாண்டைப் போட்டு, எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள் என்று ரிலீஸுக்கு முன்பே கேளுங்கள். "நான்தான் பார்க்கணும்" என்பது பதிலானால், திங்கட்கிழமை வரை பொறுத்திருக்கலாம்.

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு நேர்ந்ததை ஒவ்வொரு டெவலப்பரும் ஒருமுறை உட்கார்ந்து படிக்கலாம். எட்டு சர்வர்களில் புதிய கோட் போயிருக்க வேண்டும், ஒன்று விட்டுப்போனது. 2003-லேயே பயன்பாடு நின்றுபோன ஒரு பழைய கோட் அங்கே அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய வசதிக்காக மறுபடி எடுத்துக்கொண்ட பழைய ஃப்ளாக் (ஒரு வசதியை இயக்கும் சுவிட்ச் மாதிரி) அதை எழுப்பிவிட்டது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நடுவில் நடந்தது இன்னும் கொடுமை: பதற்றத்தில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோட்-ஐக் கழற்றினார்கள். அங்கேயும் பழைய கோட் ஓட ஆரம்பித்தது. சந்தை திறப்பதற்கு முன்பே சிஸ்டம் 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

"எப்பவாவது தேவைப்படும்" என்று செத்த கோட்-ஐ விட்டுவைப்பது, கையால் டெப்ளாய் செய்வது, ரோல்பேக்கை (பழைய நிலைக்குத் திரும்புவதை) ஒருமுறைகூட ஒத்திகை பார்க்காதது, தினமும் வருகிற அலர்ட் மெயிலைத் தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிடுவது. நம் ஆபீஸ்களில் இதில் எது இல்லை?

பேக்கப்பும் இதே ரகம். 2017 ஜனவரி 31 அன்று கோட் சேமிக்கும் தளமான கிட்லேபில் ஒரு இன்ஜினியர், ரெப்ளிகா (நகல்) சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸை மெயின் சர்வரில் அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி-தான் மிஞ்சியது. சரி, பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தால், போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) வெர்ஷன் பொருந்தாமல் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) ஒன்று இருந்ததால் தப்பித்தார்கள். பேக்கப் எடுக்கிறோம் என்பதோடு நிற்காமல், அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்தோமா என்று கேளுங்கள். அப்புறம், எந்த சர்வரில் இருக்கிறோம் என்று குழம்பாமலிருக்க, புரொடக்‌ஷன் டெர்மினலுக்கு (கமாண்ட் அடிக்கும் திரைக்கு) சிவப்புப் பின்னணி வைப்பது இரண்டு நிமிட வேலை. செய்துவிடுங்கள்.

அன்றாடக் கோடிங்குக்கு வருவோம். நாற்பது ஃபைல் கொண்ட பிஆர் (புல் ரிக்வெஸ்ட்: என் மாற்றத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினால் அதை யாரும் நிஜமாகப் படிப்பதில்லை. கீழ்வரைக்கும் ஸ்க்ரோல் செய்து அப்ரூவ் போட்டுவிடுகிறார்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெயர் மாற்றம், ஃபார்மேட்டிங், லாஜிக் எல்லாவற்றையும் ஒரே பிஆரில் கலந்துவிட்டால், லாஜிக்கை மட்டும் பின்வாங்க வழியில்லை. மொத்தமும் போக வேண்டும். தனித்தனியாக அனுப்புங்கள். கமிட் மெசேஜில் (மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பில்) 'ஃபிக்ஸ்', 'ஃபைனல் ஃபிக்ஸ்' என்று எழுதுவதையும் நிறுத்தலாம். என்ன மாறியது என்பது கோடிலேயே தெரியும். ஏன் மாறியது என்பதை எழுதுங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு பழக்கம் உண்டு. டீமில் இரண்டு தமிழர் இருந்தால் போதும், பாதி டிசைன் ஆபீஸுக்குக் கீழே இருக்கும் தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் சின்ன ஹோட்டலில்) காபி குடித்தபடியே முடிவாகிவிடும். "க்யூவில போட்டுடலாம் மச்சி", "சரிடா". வேலையும் வேகமாக நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து இருக்கை ஹூப்ளிக்காரருக்கும் கொல்கத்தாக்காரருக்கும் அது பிஆர் வரும்போதுதான் தெரியும். நீங்கள் இருவரும் தீபாவளிக்கு ஊருக்குப் போன பிறகு ஆன்-காலில் (கோளாறு வந்தால் உடனே பார்க்கும் பொறுப்பில்) இருக்கப்போவது அவர்கள்தான். மேலே வந்ததும் டிக்கெட்டில் நாலு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது: என்ன முடிவு, எதை வேண்டாமென்று விட்டோம், ஏன்.

பின்வாங்கவே முடியாத தவறும் இருக்கிறது: பாஸ்வேர்டையும் கிளவுட் கீயையும் (கிளவுட் கணக்கைத் திறக்கும் ரகசியச் சாவியையும்) கோடுக்குள் எழுதிவிடுவது. அடுத்த கமிட்டில் அழித்தாலும் கிட் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வரலாற்றில் அது அப்படியே இருக்கும். பிரைவேட் ரெப்போதானே (வெளியாருக்குத் தெரியாத கோட் கிடங்குதானே) என்றும் அசட்டையாக இருக்க முடியாது. 2016-இல் ஊபரின் 5.7 கோடிப் பேர் விவரம் திருடுபோனது, பிரைவேட் கிட்ஹப் ரெப்போவில் கிடைத்த ஒரு கீயால்தான். கீ வெளியே போய்விட்டால் அதை உடனே முடக்கிப் புதியது எடுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு. பயந்து மறைக்காமல் டீமில் உடனே சொல்லிவிடுங்கள். அதே கீயை வேறு எந்தெந்த சர்வீஸ் பயன்படுத்துகிறது என்பது அவர்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம்.