ஏர் ஃப்ரையரில் கொரிய யாங்னியம் சிக்கன்: மொறுமொறுப்பு போகாமல் பாகு ஏற்றுவது எப்படி?

யாங்னியம் சிக்கன் என்பது இனிப்பும் காரமுமான சிவப்புப் பாகு பூசிய கொரியப் பொரித்த கோழி. முதல் தடவை செய்தபோது, அந்தச் சாஸைக் கறியில் புரட்டி, அப்படியே ஏர் ஃப்ரையருக்குள் வைத்து 200 டிகிரி போட்டேன். பத்து நிமிஷத்தில் வீடு முழுக்கக் கருகிய வெல்ல வாடை. திறந்து பார்த்தால் கறி வெளியே கரி, உள்ளே இளஞ்சிவப்பு. கூடையில் ஒட்டியதைச் சுரண்டி எடுக்கவே மறுநாள் காலைப்பொழுது போனது.

மெஷின் மேல் தப்பில்லை. சர்க்கரையும் தேனும் கலந்த எதுவும் அந்தச் சூட்டில் கறி வேகும் முன்பே கருகிவிடும். அது போதாதென்று சாஸில் இருக்கும் தண்ணீர், மேல்மாவை மொறுமொறுப்பாக விடாது. அதனால் இந்தப் பதார்த்தத்தை இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். உலர்த்திப் பொரிப்பது ஏர் ஃப்ரையரின் வேலை. பாகு காய்ச்சுவது அடுப்பின் வேலை. இரண்டும் சந்திப்பது தட்டுக்கு வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான்.

கொரியாவில் கடைக்காரர்கள் செய்வதும் இதைத்தான். 1977இல் சியோலில் லிம்ஸ் சிக்கன் தொடங்கியதிலிருந்து அங்கே பொரித்த கோழிக் கடைகள் பெருகத் தொடங்கின. சிவப்புப் பாகு பூசிய யாங்னியம் சிக்கன் சில வருஷம் கழித்து வந்தது. அதை உருவாக்கியவர் என்று பரவலாகச் சொல்லப்படுபவர் டேகு நகரில் கடை வைத்திருந்த யூன் ஜோங் க்யே. ஆறிய பொரித்த கோழி விறைத்துப்போய் வாயைக் குத்துகிறது, வாடிக்கையாளர்கள் மீதி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் அவருடைய கவலை. மிளகாய் சாஸ் எத்தனை விதமாகச் செய்தும் சரியாக வரவில்லையாம். மாவுச்சத்திலிருந்து காய்ச்சும் 'முல்யொட்' என்ற கெட்டிப் பாகைச் சேர்த்துப் பார் என்று அக்கம்பக்கத்துப் பாட்டி ஒருவர் சொன்ன பிறகே கைகூடியது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாகுப் பதம் பாட்டிகள் சொல்லித்தான் வர வேண்டும் போலிருக்கிறது, எந்த ஊரானாலும்.

மெஷினைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏர் ஃப்ரையர் என்ற பெயரோடு பிலிப்ஸ் இதை 2010இல் கொண்டுவந்தது. பெயரில் 'ஃப்ரை' இருந்தாலும் உள்ளே நடப்பது பொரிப்பது இல்லை. மேலே ஒரு ஹீட்டர், அதை ஒட்டி வேகமான ஒரு விசிறி, அவ்வளவுதான். கேக் சுடும் ஓவனின் (oven) சின்ன வடிவம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சூடான காற்று ஒவ்வொரு துண்டையும் சுற்றிவர இடம் இருந்தால் மொறுமொறுப்பு வரும், இல்லாவிட்டால் கறி தன் ஆவியிலேயே வெந்து இட்லி மாதிரி வெளுத்துக் கிடக்கும். இன்னொன்று, 1400, 1500 வாட் இழுக்கும் சாமான் இது. மிக்ஸி மாட்டும் சின்ன பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டாமல், கிரைண்டர், ஹீட்டர் மாட்டும் பெரிய பிளக்கில் மாட்டுங்கள்.

வாங்க வேண்டியவை (மூன்று பேருக்கு)

கறிக்கு: எலும்பில்லாத தொடைக்கறி அரை கிலோ, உப்பு முக்கால் டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், இஞ்சி துருவிப் பிழிந்த சாறு ஒரு டீஸ்பூன், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, கார்ன்ஃப்ளார் நாலு டேபிள்ஸ்பூன், அரிசி மாவு ஒரு டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன்.

பாகுக்கு: கோச்சுஜாங் இரண்டு டேபிள்ஸ்பூன், தக்காளி கெச்சப் இரண்டு டேபிள்ஸ்பூன், தேன் இரண்டு டேபிள்ஸ்பூன், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், வினிகர் ஒரு டீஸ்பூன், பொடியாக நறுக்கிய பூண்டு ஐந்து பல், தண்ணீர் மூன்று டேபிள்ஸ்பூன், எண்ணெய் ஒரு டீஸ்பூன். மேலே தூவ வறுத்த எள்.

கடையில் "போன்லெஸ்" என்று மட்டும் கேட்டால் நெஞ்சுக்கறியைத்தான் போடுவார்கள். தொடை வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். நெஞ்சுக்கறி இரண்டு நிமிஷம் கூடினாலே வறண்டு நாராகிவிடும். தொடையில் கொழுப்பு இருப்பதால் புதிதாகச் செய்பவர்களின் கணக்குப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். தோலோடு கிடைத்தால் இன்னும் நல்லது.

மாவு வாங்கும்போது இரண்டு இடத்தில் கவனம். கார்ன்ஃப்ளார் என்பது சூப்பில் கரைத்து ஊற்றும் வெள்ளை வெளேர் மாவு. சோள மாவு என்று கேட்டு வெள்ளைச் சோளத்தையோ மஞ்சள் மக்காச்சோளத்தையோ அரைத்த மாவை வாங்கி வந்துவிடாதீர்கள். அதேபோல் பேக்கிங் பவுடர் வேறு, ஆப்ப சோடா வேறு. சோடாவைப் போட்டால் கறியில் சோப்பு மாதிரி ஒரு கசப்பு ஏறும். அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் இங்கே எதற்கு என்றால், மேற்பரப்பில் காரத்தன்மையை (உறைப்பை அல்ல, புளிப்புக்கு எதிரான தன்மையை) கொஞ்சம் கூட்டி, சீக்கிரம் பொன்னிறமாகச் சிவக்க வைக்கிறது.

கோச்சுஜாங் என்பது மிளகாய்த்தூள், அரிசி, புளிக்கவைத்த சோயா மொச்சை எல்லாம் சேர்ந்த கெட்டி விழுது. பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் ஆன்லைனிலும் இப்போது கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் ஊறவைத்து அரைத்த காஷ்மீரி மிளகாய் விழுது இரண்டு டேபிள்ஸ்பூனோடு சோயா சாஸ் அரை டேபிள்ஸ்பூன் கூடுதலாகச் சேர்த்துச் செய்யலாம். சுவையாக இருக்கும், ஆனால் அந்தப் புளித்த ஆழம் வராது. அதை யாங்னியம் என்று கூப்பிட மட்டும் எனக்கு மனசு வரவில்லை.

கறியை உலர்த்துவது

கறியைக் கழுவவே வேண்டாம், கழுவும்போது தெறிக்கும் நீரில் கிருமி சமையலறை முழுக்கப் பரவும் என்பது உணவுப் பாதுகாப்புத் துறையினர் சொல்வது. கழுவாமல் சமைத்தேன் என்றால் என் அம்மா சாப்பிட உட்காரமாட்டார். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து மெதுவாக அலசுங்கள், குழாயை அடித்துத் திறக்காதீர்கள், பிறகு தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கழுவினாலும் கழுவாவிட்டாலும் டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுப்பதை விட்டுவிட வேண்டாம்.

துண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவாக, ஒன்றரை அங்குலத்துக்கு இருக்கட்டும். உப்பு, மிளகு, இஞ்சிச் சாறு தடவி, ஒரு தட்டில் பரப்பி, மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஃப்ரிட்ஜ் காற்று மேல் ஈரத்தை உறிஞ்சிவிடும். தயிர், எலுமிச்சை, மசாலா எல்லாம் போட்டு ஊறவைக்கும் நம்ம சிக்கன் 65 பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். ஈரம் கூடக் கூட இந்த மெஷினுக்குக் கஷ்டம்.

மாவு பிடிக்க வைப்பது

பஜ்ஜி மாவு பதத்தில் கரைத்து முக்கினால், எண்ணெய்ச் சட்டியில் அது உடனே இறுகிப் பிடிக்கும். ஏர் ஃப்ரையரில் பிடிக்காது; இறுகுவதற்குள் கூடையின் ஓட்டைகள் வழியாகக் கீழே ஒழுகிவிடும். அதனால் உலர்மாவுதான் சரி.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியில் லேசாக நுரைக்க அடித்த வெள்ளைக்கருவை ஊற்றிப் பிசறுங்கள். அடியில் தேங்கினால் வடித்துவிடுங்கள். கார்ன்ஃப்ளார், அரிசி மாவு, பேக்கிங் பவுடரை வேறு ஒரு கிண்ணத்தில் கலந்து, துண்டு துண்டாகப் புரட்டி, அழுத்தி, உதறி எடுத்து வையுங்கள். பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும். வெள்ளையாக இருந்த மாவு ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் மங்கி, பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

இனி எண்ணெய். "எண்ணெயே இல்லாமல்" என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பி நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எண்ணெய் படாத உலர்மாவு எத்தனை நேரம் வைத்தாலும் சிவக்காது, வாயில் வைத்தால் சாக்பீஸ் தூள். இரண்டு டேபிள்ஸ்பூன் கடலெண்ணெயை ஸ்பிரே பாட்டிலிலோ பிரஷ்ஷிலோ எடுத்து எல்லாப் பக்கமும் படும்படி பூசுங்கள். வாணலியில் முக்கிப் பொரிக்கும் எண்ணெயோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

இரண்டு தடவை பொரிப்பது

கொரியக் கடைகளில் கோழியை இரண்டு முறை பொரிப்பார்கள். முதல் முறை வெந்து எடுத்து ஆறவைக்கும்போது உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல மேல்தோலுக்கு வந்து சேரும். இரண்டாவது முறை அந்த ஈரத்தையும் விரட்டிவிடும். பிறகு பாகு ஊற்றினாலும் சட்டென்று நமத்துப்போகாததற்கு அதுதான் காரணம். ஏர் ஃப்ரையரிலும் இதையே செய்யப் போகிறோம்.

மெஷினைக் காலியாக 180 டிகிரியில் ஐந்து நிமிஷம் சூடாக்குங்கள். கூடையில் எண்ணெய் தடவி, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காக வையுங்கள். நாலு லிட்டர் கூடையில் அரை கிலோ ஒரே தடவையில் அடங்காது, இரண்டு ஈடாகப் போடுங்கள். இட்லிக்கு ஈடு கணக்குப் பார்க்கிற நமக்கு இது புதிதா என்ன. 180 டிகிரியில் பத்து நிமிஷம். திறந்து ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். எங்காவது வெள்ளை மாவுத் திட்டு தெரிந்தால் அதில் மட்டும் எண்ணெய் தொட்டு வையுங்கள். இப்போது 200 டிகிரியில் ஆறு நிமிஷம்.

வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் ஐந்து நிமிஷம் ஆறவிடுங்கள். தட்டையான பிளேட்டில் வைத்தால் அடிப்பக்கம் வியர்த்துவிடும். இரண்டு ஈடும் முடிந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்து 200 டிகிரியில் மூன்று, நாலு நிமிஷம் மறுபடி போடுங்கள். இந்தச் சுற்றில் கொஞ்சம் நெருக்கமாக இருந்தாலும் பரவாயில்லை, நடுவில் ஒரு முறை குலுக்கிவிட்டால் போதும்.

கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இல்லையென்றால் இருப்பதிலேயே பெரிய துண்டை வெட்டிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது, கசியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். என் மெஷினின் நிமிஷக் கணக்கு உங்களுடையதில் ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். முதல் தடவை பக்கத்திலேயே நில்லுங்கள்.

பாகு

இரண்டாவது சுற்று ஓடும்போது அடுப்பைப் பற்றவையுங்கள். அகலமான வாணலியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய், பூண்டு. பூண்டு வாசம் வந்தால் போதும், சிவந்தால் கசக்கும். மீதி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் சின்னத் தீயில் மூன்று, நாலு நிமிஷம் கிளறுங்கள். முதலில் பொடிப்பொடியாக, வேகமாக நுரைக்கும். தண்ணீர் வற்ற வற்ற நுரை பெரிதாகி, சோம்பலாக 'பொத் பொத்'தென்று வெடிக்கும். நிறம் ஆழ்ந்து கண்ணாடி மாதிரி மினுமினுக்கும். அதுதான் பதம்.

அதிரசத்துக்குப் பாகு பார்ப்பது போல் இரண்டு விரலால் இழுத்துக் கம்பி தேடாதீர்கள். விழுது கலந்திருப்பதால் ஒழுங்காகக் கம்பி வராது, விரல் சுடுவதுதான் மிச்சம். கரண்டியை முக்கி எடுத்து, சற்று ஆறியதும் அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். இரண்டு பக்கத்துச் சாஸும் ஓடிவந்து கோட்டை மூடினால் இன்னும் ஒரு நிமிஷம் வேண்டும். கோடு அப்படியே நின்றால் அடுப்பை அணையுங்கள். தாண்டிவிட்டால் கடலை மிட்டாய்க் கதையாகிவிடும். ஒரு டேபிள்ஸ்பூன் வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.

சர்க்கரை மட்டும் போட்டால் போதாதா, தேன் எதற்கு? வெறும் சர்க்கரைப் பாகு ஆறியதும் பூத்துப்போய் மங்கிவிடும். தேனும், வினிகர், கெச்சப்பில் இருக்கும் புளிப்பும் அப்படிப் பூக்காமல் தடுக்கும். ஜாமூன் பாகில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவதும் இதற்காகத்தான். டேகு பாட்டி சொன்ன முல்யொட்டின் இடத்தை நம் சமையலறையில் தேன் பிடித்துக்கொள்கிறது.

அணைத்த அடுப்பின் மேலேயே, சூடான பாகில் சூடான கறியைக் கொட்டி, இரண்டு கரண்டிகளால் கீழிருந்து மேலாகப் புரட்டுங்கள். அரை நிமிஷத்துக்குமேல் வேண்டாம். பாகு மேலே மெல்லிசாக ஏறினால் போதும், வாணலியில் கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும். எள்ளைத் தூவி உடனே பரிமாறுங்கள். விருந்தாளி வந்து செருப்பைக் கழற்றிய பிறகு கலந்தால் போதும்.

கூடத் தொட்டுக்கொள்ள, கொரியாவில் கொடுப்பது போல வெள்ளை முள்ளங்கி ஊறுகாய் போட்டு வைத்தால் அருமை. கால் கிலோ முள்ளங்கியைச் சின்னச் சதுரங்களாக வெட்டி ஒரு பாட்டிலில் போடுங்கள். தண்ணீர், வினிகர், சர்க்கரை மூன்றும் அரை அரை கப், உப்பு ஒரு டீஸ்பூன், சர்க்கரை கரையும் வரை சூடாக்கி, ஆறியதும் ஊற்றி முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது வரும் வாடைக்குப் பயப்பட வேண்டாம், முள்ளங்கியின் சுபாவம் அது.

எல்லாம் தீராது என்று தோன்றினால் மீதியைப் பாகு கலக்காமலேயே எடுத்து வையுங்கள். மறுநாள் 180 டிகிரியில் நாலைந்து நிமிஷம் சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும், அதற்குப் பிறகு புதிதாகக் கொஞ்சம் பாகு காய்ச்சிக் கலந்துகொள்ளலாம். ஏற்கெனவே கலந்தது மிஞ்சினால் அதைச் சூடாக்கி மொறுமொறுப்பாக்கப் பார்க்காதீர்கள். சப்பாத்தியில் வெங்காயத்தோடு சுருட்டிப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் வைத்துவிடுங்கள்.