கொடைக்கானல் ஏரியைச் சைக்கிளில் சுற்றப் போகிறீர்களா?

ஏரியைச் சுற்றியுள்ள சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் எதுவும் இல்லாததால் பிள்ளைகளும் சுற்றிவிடலாம். ஆனால் காலையிலேயே போய்விடுங்கள். நேரம் ஆக ஆகக் கார், குதிரை, நடந்து போகிறவர்கள் என எல்லாரும் அதே சாலைக்கு வந்துவிடுவார்கள். மதியத்துக்கு மேல் சட்டென்று மூடுபனி இறங்குவதும் உண்டு.

வாடகைச் சைக்கிளை எடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் வேறு வண்டி கேளுங்கள். அப்புறம் சீட். பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் பாதிச் சுற்றிலேயே முழங்கால் வலிக்கும். கடைக்காரரிடம் சொன்னால் ஸ்பேனர் வைத்து ஏற்றித் தருவார், கேட்கத் தயங்க வேண்டாம். குதிரையைக் கடக்கும்போது மணி அடிக்காமல், வேகத்தைக் குறைத்து, தள்ளிப் போங்கள். மிரண்டால் ஆபத்து.

குளிர்கிறதே என்று தொப்பியை விட்டுவிடாதீர்கள். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், வெயில் தோலைக் கருக்கிவிடும்.

தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை இருக்கிறது. 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் வேண்டும். ஆன்லைனில் இலவசம்தான், கிளம்பும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றி முடித்துக் கால் ஓய்ந்தால், பக்கத்திலேயே பிரையண்ட் பூங்கா இருக்கிறது.