நிலையோரம், ஜன்னலோரம் விழும் விரிசலை அக்ரிலிக் சீலன்ட் கொண்டு அடைப்பது எப்படி?

கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே மெல்லிய விரிசல் விட்டிருக்கும். பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தாலும் கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி பிளக்கும். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். சுவர் அந்த அளவுக்கு அசையாது. காய்ந்து விறைத்த பட்டியால் அந்த அசைவைத் தாங்க முடியாது. டியூபில் பசை போல வரும் அக்ரிலிக் சீலன்ட் காய்ந்த பிறகும் ரப்பர் போல ஓரளவு நெகிழும். மேலே பெயின்டும் பிடிக்கும். சாதாரண சிலிக்கான் சீலன்டில் பெயின்ட் ஒட்டாது.

ஆனால் எல்லா இடத்துக்கும் இது ஆகாது. தண்ணீர் தேங்கும் மொட்டைமாடி, தொட்டி, குளியலறைத் தரையோரம் எல்லாவற்றுக்கும் வேறு சீலன்ட் வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைக் கண்டால் அவசரப்பட்டு அடைக்காதீர்கள். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் பொறியாளரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். பழைய பட்டி, உதிரும் பூச்சு, பெயின்ட் செதில் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். மயிரிழை விரிசலுக்குள் சீலன்ட் இறங்காது; கத்தி முனையால் 5 மி.மீ. அகலத்துக்காவது கீறி விரியுங்கள். பிறகு பிரஷ்ஷால் தூசியைத் துடைத்தெடுங்கள். விரலை வைத்துத் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டக் கூடாது. ஒட்டினால் சீலன்ட் அந்தப் பொடியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. இந்த ஒரு வேலையில் மட்டும் சோம்பல் படவே கூடாது.

இடைவெளி அகலமாக இருந்தால் முதலில் பேக்கர் ராட் எனப்படும் ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்துங்கள். இடைவெளியைவிடச் சற்றுத் தடிமனானதாக வாங்கினால் இறுக நிற்கும். 12 மி.மீ. அகலம் என்றால் சீலன்ட் 6 மி.மீ. ஆழம் போதும். சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டுமே ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் தாராளமாக இழுபட முடியாமல் கிழிந்துவிடும். ஃபோம் கயிறு அதைத் தடுக்கிறது, சீலன்டும் மிச்சமாகிறது.

இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டியூபின் மூக்கான நாசில் முனையை 45 டிகிரி சாய்வாக, இடைவெளியின் அகலத்துக்கு மேல் போகாமல் வெட்டி, டியூபை கன்னில் (சீலன்டைப் பிதுக்கும் கைக்கருவி) மாட்டுங்கள். ஒரே வேகத்தில், நிறுத்தாமல் இழுங்கள். நிறுத்தும் இடத்தில் கன்னின் பின்புறத் தகட்டை அழுத்திவிட்டால் சீலன்ட் வழியாது.

உடனே ஈர விரலால் ஒரே இழுப்பாக வழித்துவிடுங்கள். விரலில் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் மேல்பகுதி நீர்த்துப்போகும். ஈரம் காயும் முன்பே டேப்பை உரித்துவிடுங்கள், தாமதித்தால் ஓரம் பிய்ந்து வரும். கை, கருவி எல்லாம் பச்சைத் தண்ணீரிலேயே கழுவலாம். காய்ந்துவிட்டால் சுரண்டத்தான் வேண்டும்.

அரை மணி நேரத்தில் மேலே ஆடை கட்டிவிடும். உள்ளே இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். தடிமனான இடம் முழுக்கக் காயச் சில நாட்கள் பிடிக்கும், அதுவரை மழை படாமல் பாருங்கள். இதிலுள்ள தண்ணீர் ஆவியாகித்தான் இது இறுகுகிறது, அதனால் நடுவில் சற்றுக் குழி விழுவது இயல்பு. குழி தெரிந்தால் மெல்லியதாக இன்னொரு கோடு இழுத்து, அதுவும் காய்ந்த பின் பெயின்ட் அடியுங்கள். மிச்சமுள்ள டியூபின் முனையில் ஒரு ஆணியைச் செருகி டேப் சுற்றி வைத்தால் அடுத்த ஜன்னலுக்கு ஆகும்.